மின்விசிறிக்குக் கீழே சைவ மேசை

மின்விசிறிக் காற்றுக்காக ஆறு வருடம் சாதியை மாற்றிக்கொண்ட ஒரே ஆள் இந்தப் பெங்களூரில் நானாகத்தான் இருப்பேன். மற்றவர்கள் வாடகை வீட்டுக்காக மாற்றியிருப்பார்கள், காதலுக்காக மாற்றியிருப்பார்கள். அதிலெல்லாம் ஒரு நியாயம் இருக்கிறது, கேட்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். நான் மாற்றியது, ஓர் இறக்கை லேசாக வளைந்து, சுற்றும்போதெல்லாம் 'டக் டக்' என்று சத்தம் போடும் ஒரு பழைய மின்விசிறிக்காக. முட்டாள்தனத்திலும் ஒரு தரம் வேண்டாமா?

நடந்தது இதுதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பொம்மசந்திராவில் வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு ஸ்டோர்ஸில் வேலை கிடைத்தது. ஆணியிலிருந்து கையுறை வரை யார் எதைக் கேட்டாலும் ஒரு ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுக்கும் வேலை. முதல் நாள் மதியம் கேன்டீனுக்குப் போனேன். ஏப்ரல் வெயில், தலைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. நீள நீளமான மேசைகள். ஒவ்வொன்றின் இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டு, முழங்கையோடு முழங்கை இடிக்க ஆட்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் மட்டும் ஒரு சின்ன மேசை. நான்கு நாற்காலி, மூன்றே பேர். மேலே மின்விசிறி. சோற்றுத் தட்டோடு நான்காவது நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

கேன்டீன் பொறுப்பாளர் ஓடி வந்தார். சேலம் பக்கத்து ஆள். தோளில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும்.

"சார், இது வெஜிடேரியன் டேபிளுங்க."

எழுந்திருக்க வேண்டியதுதானே? அப்போதுதான் காற்று சட்டைக் காலருக்குள் புகுந்து முதுகைத் தொட்டிருந்தது. "தெரியும்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முதல் நாள் என்பதால் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. "சொந்த ஊருங்க?" என்றார். "வேலூர் பக்கம்" என்றேன். அது என் பாட்டனுக்கு அப்பன் பிழைக்கக் கிளம்பிய ஊர். நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததுகூடக் கிடையாது. அவர் குனிந்து, ஏதோ ரகசியத்தைக் கண்டுபிடித்தவர்போல, நிலபுலன் உள்ள ஒரு சாதியின் பெயரைச் சொன்னார். "அவுங்கதானுங்களே நீங்க? பாத்தாலே தெரியுதுங்க."

என் வாயில் சோறு இருந்தது. சிரித்தேன். அந்தச் சிரிப்பை அவர் 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டார். நான் சோற்றை விழுங்கிவிட்டு 'இல்லை' என்று சொல்லவில்லை. அவ்வளவுதான், ஒரு வாய்ச் சோற்றுக்குள் சாதி மாறிவிட்டது. அவர் சொன்ன சாதி எது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அவர்களில் இரண்டு பேர் இன்றும் எனக்கு நண்பர்கள். இந்த மாதிரி ஆள் எங்கள் பேரிலா உலவினான் என்று வருத்தப்படுவார்கள்.

காற்று சும்மா வரவில்லை. புதன்கிழமை கேன்டீனில் முட்டைக் குழம்பு, வெள்ளிக்கிழமை கோழி. அந்த இரண்டு நாளும் நான் தயிர்ச்சோற்றைப் பிசைந்தபடி, பக்கத்து மேசையிலிருந்து வரும் மசாலா வாசனையை மூக்கால் தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன். மேசை நண்பர்கள் மூன்று பேரும் நல்லவர்கள்தான். அவர்களில் ஒருவர் தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளர், உருக்குத் துண்டைத் தட்டிப் பார்த்தே விரிசலைச் சொல்லிவிடுவார். எதிரே உட்கார்ந்திருந்த என்னிடம் ஆறு வருடமாக அவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை. எந்தக் கோழி நாளிலாவது என் முகத்தை நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும்.

எங்கள் வீடு கன்டோன்மென்ட் பக்கத்துப் பழைய வரிசை வீடுகளில் ஒன்று. பட்டாளத்துக்கு மூட்டை தூக்கவும் லாயம் கூட்டவும் வந்து சேர்ந்த தமிழர்களின் இடம். வரிசையில் பாதிப் பேருக்கு அம்மன், பாதிப் பேருக்குப் புத்தர். எங்கள் வீட்டுச் சுவரில் புத்தரும், அவருக்குப் பக்கத்தில் நீலக் கோட்டும் கண்ணாடியும் போட்டு, கையில் தடித்த புத்தகம் வைத்திருக்கும் அந்த மனிதரும். அப்பா ஆணியடித்து மாட்டிய படங்கள். ஞாயிற்றுக்கிழமை மாட்டெலும்பு கொதிக்கும் வாசனை தெருமுனை வரை போகும். "ஆபீஸ்ல தயிரு, வூட்ல எலும்பு" என்பாள் என் மனைவி. "ஒரே வயித்துல ரெண்டும் சண்ட போடாம எப்டியா கீது?"

மேசை நண்பர்கள் ஒருமுறை வீட்டுக்கு வருகிறோம் என்றார்கள். வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னேன். மறு வருடம் கேட்டபோதும் அதையே சொன்னேன். ஆறு வருடம் வெள்ளையடித்தோம். தாஜ்மகாலுக்கே அத்தனை சுண்ணாம்பு செலவாகியிருக்காது.

ஒளிந்துகொள்வதில் எனக்கு முன்னனுபவமும் இருந்தது. தொண்ணூற்றொன்றில் காவிரித் தகராறில் ஊர் கொந்தளித்தபோது, தமிழ் பேசாமல் பேருந்தில் போய் வரக் கற்றுக்கொண்டவன் நான். அப்போது கன்னடக்காரர்களிடம் தமிழன் என்பதை மறைத்தேன். பிறகு தமிழர்களிடம் எந்தத் தமிழன் என்பதை மறைத்தேன். முதலாவதற்கு ஒரு மாதத்தில் அவசியம் இல்லாமல் போனது. இரண்டாவதற்கு முடிவே தெரியவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அக்கா வேலைக்கு வந்தார்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் வரிசையில் மூன்றாவது வீடு. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நான் மூக்கொழுகித் திரிந்த காலத்திலிருந்து என்னைத் தெரியும். புருஷன் போன பிறகு, பத்தாவது படிக்கும் மகளோடு தனியாக இருந்தார். எங்கள் தொழிற்சாலையில் கழிவறை கழுவவும் தரை கூட்டவும் கான்ட்ராக்டில் ஆறு பெண்களை எடுத்தார்கள். விடிவதற்கு முன்பே டெம்போவில் அள்ளிக்கொண்டு போய், மதியம் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அந்த ஆறு பேரில் அவர் ஒருவர் என்பது, ஸ்டோர்ஸ் ஜன்னலில் அவர் முகம் தெரிந்த காலையில்தான் எனக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்து எனக்குப் பின்னால் தரக்கட்டுப்பாட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். அக்கா வாயெடுத்து "டேய்" என்று ஒரு சொல் சொன்னால் என் தயிர்ச்சோறு முழுவதும் நாறிவிடும். என்ன செய்தேன் தெரியுமா? தெரியாத ஆளிடம் பேசுவதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, கன்னடத்தில், "ஏனு பேகு?" என்று கேட்டேன். என்ன வேணும்?

அக்கா ஒரு கணம் பார்த்தார். என்னை, பின்னால் நின்றவரை, மறுபடி என்னை. பிறகு கையைக் கட்டிக்கொண்டு, சுத்தமான கன்னடத்தில், "எரடு பெனாயிலு, ஒந்து பொரக்கெ கொடி சார்" என்றார். இரண்டு பெனாயில், ஒரு துடைப்பம்.

அன்று மாலை குழாயடியில் அக்காவின் குரல் முதலில் வந்தது. "இன்னா சார், நாஷ்டா ஆய்ச்சா? பெனாயில் சார், வழி வுடுங்க சார்." குழாயடியே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய? கூட்டம் கலைந்ததும் அவர் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "பயப்புடாத, நான் ஒண்ணும் சொல்லமாட்டன்" என்றார். "ஆனா கேக்குறன், எத்தினி நாளைக்குடா?"

சொன்னபடியே இருந்தார். ஒரு வருடத்துக்கும் மேலாக எங்களுக்குள் தொழிற்சாலையில் கன்னடம், வரிசையில் தமிழ். அங்கே சார், இங்கே டேய். எனக்காக அவரும் நடித்தார். எனக்காவது காற்று கிடைத்தது, அவருக்கு அதில் என்ன கிடைத்தது என்று அன்றைக்கு நான் யோசித்ததில்லை.

அந்த ஆறு பெண்கள் எங்கே சாப்பிட்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். கேன்டீன் சாப்பாடு எல்லாருக்கும் உண்டு. ஆனால் இவர்களுக்கு மட்டும் சமையலறையின் பின்கதவு வழியாக ஒரு அண்டாவில் சோறும் ஒரு வாளியில் சாம்பாரும் வரும். கூடத்தில் எங்களுக்கு எவர்சில்வர் தம்ளர், அவர்களுக்குக் குளிக்கிற பிளாஸ்டிக் மக். கம்ப்ரஸர் ஷெட்டுக்குப் பின்னால் மரப்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கம்ப்ரஸர் ஓடும் சத்தத்தில் 'உப்பு' என்று கேட்கவும் கத்த வேண்டும். மழை வந்தால் கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் நேராக வாளிக்குள் சொட்டும்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஸ்டோர்ஸின் பின்ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கும். அக்கா வந்த இரண்டாவது வாரம் அந்த ஜன்னலை அட்டைப்பெட்டிகளை அடுக்கி மறைத்துவிட்டேன். வெயில் அடிக்கிறது என்று காரணம் சொன்னேன். அது வடக்குப் பார்த்த ஜன்னல்.

மறு வருட மழைக்காலத்தில் அந்தப் பெண்கள் ஒரு கடிதம் கொடுத்தார்கள். அக்காவின் மகள் கோடு போட்ட நோட்டுத் தாளில் கன்னடத்தில் எழுதியது. மழையில் நனைகிறோம், எங்களுக்கும் உள்ளே உட்கார்ந்து சாப்பிட இடம் வேண்டும், இவ்வளவுதான் விஷயம். கீழே இரண்டு கையெழுத்து, நான்கு கைரேகை. அந்தக் கடிதம் கேன்டீன் கமிட்டிக்கு வந்தது. கமிட்டியில், பொறுப்பாளரும் தரக்கட்டுப்பாட்டுக்காரரும் சேர்த்து, ஐந்து பேர். ஐந்தாவது நான். சைவச் சாப்பாட்டின் தரத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு பிரதிநிதி வேண்டும் என்று என்னைப் போட்டிருந்தார்கள். சிரிக்காதீர்கள்.

கேன்டீன் பொறுப்பாளர் கடிதத்தை நுனிவிரலால் பிடித்திருந்தார். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க. நான் போட்டுருவேன். ஆனா அவங்க எதைக் கழுவிட்டு வர்றாங்கன்னு எல்லாத்துக்கும் தெரியும். பக்கத்துல வந்து உக்காந்தா சோறு எறங்குமுங்களா?"

"தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தார் தரக்கட்டுப்பாட்டுக்காரர். அப்படி ஆரம்பித்தால் எப்படி முடியும் என்று சொல்லத் தேவையில்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது இதைப் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். நான் என் மூளையைக் காட்டினேன். கடைசி ஆள் சாப்பிட்டு எழ ரெண்டேகால் ஆகிறது. ரெண்டரை மணிக்குக் கூடம் காலி. அப்போது அவர்கள் வந்து, உள்ளேயே, பெஞ்சிலேயே, நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்றேன். ஒருவருக்கும் தொந்தரவு இல்லை, அவர்களுக்கும் மழை இல்லை.

எல்லார் முகமும் மலர்ந்துவிட்டது. "இதுக்குத்தானுங்க படிச்சவங்க கமிட்டில இருக்கோணும்கிறது" என்றார் பொறுப்பாளர். எனக்கு மட்டும் இரண்டாவது டீ வந்தது.

அன்று மாலை நேராக அக்கா வீட்டுக்குத்தான் போனேன். வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, வேல முடிஞ்சிச்சி. இனிமே உள்ள உக்காந்தே துன்னலாம்."

முறம் நின்றது. "மெய்யாவாடா?"

"மெய்யா. ரெண்டர மணிக்கு. கூட்டமே இருக்காது."

அக்கா முறத்தைக் கீழே வைத்தார். "ரெண்டு மணிக்கு டெம்போ கெளம்பிடும்டா."

எனக்கு அது தெரியாது. அதே தொழிற்சாலை, அதே வரிசை வீடு, ஒவ்வொரு நாளும் பார்க்கிற மனுஷி. எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

"சரி, டெம்போவ வுட்டுட்டு, எல்லாரும் துன்னு முடிக்கிற வரிக்கும் காத்துக்கினு இருந்து, கட்சீல துன்னணும். அதானே?" என்றார். "யார்ரா இந்த ரெண்டரையக் கண்டுபுடிச்சது?"

"கமிட்டி."

"கமிட்டின்னா யாரு?"

நான் தலையைத் தூக்கி அவர் வீட்டு ஓட்டை ஆராய்ந்தேன். ஓடு நன்றாகத்தான் இருந்தது.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொண்டு போகலாம், கணக்குத் தீர்ந்துவிடும். அவர் மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டு, "சரி சார்" என்றார். எங்கள் வரிசையில், அவர் வீட்டு வாசலில், கிண்டல் கலக்காமல் அவர் என்னை சார் என்று சொன்னது அன்றுதான்.

மறுநாள் பன்னிரண்டரைக்கு நான் என் நாற்காலியில் உட்கார்ந்து பருப்பைப் பிசைந்துகொண்டிருந்தேன். எங்கள் மேசையில் அன்று ஒருவர் லீவு. திடீரென்று கூடத்தில் பேச்சு அடங்கியது. திரும்பினால், ஆறு பெண்களும் எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். முதலில் அக்கா. முகம் கழுவி, புடவையை இழுத்துச் செருகி, தலை வாரியிருந்தார்.

"ஏம்மா, ரெண்டரைக்குத்தானே வரச் சொல்லியிருக்கு?" என்றார் பொறுப்பாளர்.

"ரெண்டரைக்கு நாங்க டெம்போல இருப்பம் சார். சோறு போடுங்க."

"எடம் இல்லம்மா உள்ள."

"எடம் கீது. பாத்துட்டுதான் வந்தம்."

பின்னால் நிற்கிறவர்களுக்குப் பசி. "போடுங்க சார், டைம் ஆவுது" என்று யாரோ கத்தினார்கள். கரண்டி அசைந்தது. ஆறு பேரும் ஒன்றாக உட்காரவில்லை. எங்கெங்கே காலியாக இருந்ததோ அங்கங்கே போய் உட்கார்ந்தார்கள். சில பெஞ்சுகளில் ஆட்கள் நகர்ந்தார்கள், சில பெஞ்சுகளில் யாரும் கண்டுகொள்ளவே இல்லை. அக்கா கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, நேராக எங்கள் மேசைக்கு வந்து, காலியாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தமிழிலும் இல்லை, கன்னடத்திலும் இல்லை.

தரக்கட்டுப்பாட்டுக்காரர் எழுந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் எழுந்தார்.

நானும் எழுந்தேன்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை சொல்லித் தப்பித்துவிடலாம் என்று பலமுறை முயன்றிருக்கிறேன், வரவில்லை. பாதிச் சோற்றுத் தட்டோடு கைகழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். பருப்பும் சோறும் கரைந்து ஓடின. திரும்பிப் பார்த்தபோது அக்கா அந்த மேசையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவசரப்படவில்லை. நடுவில் எழுந்து போய் ரசம் வாங்கி வந்து மறுபடி உட்கார்ந்தார்.

மறுநாள் காலை நிர்வாக அதிகாரி கமிட்டியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கன்னடக்காரர். மோசமான மனிதர் இல்லை, எந்தப் பிரச்சினையும் தன் மேசையில் ஒரு நாளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பவர். ஆங்கிலத்தில் ஒரு கடிதம் தட்டச்சு செய்து வைத்திருந்தார். கமிட்டியின் முடிவை மீறி ஆறு பெண்களும் ஒழுங்கீனமாக நடந்துகொண்டார்கள், கான்ட்ராக்டர் அவர்களை நீக்கி வேறு ஆட்களை அனுப்ப வேண்டும் என்று. கீழே ஐந்து பேர் கையெழுத்துப் போட இடம். நான்கு பேர் போட்டார்கள். பேனா என்னிடம் வந்தது.

எனக்கு முறம் ஞாபகம் வந்தது, கோடு போட்ட நோட்டுத் தாள் ஞாபகம் வந்தது. நேற்று எழுந்துபோன கால்கள் இன்று நகரவில்லை. வீரம் இல்லை, அந்த அறையில் கைகழுவும் இடம் இல்லை.

"சார், நான் கையெழுத்துப் போட முடியாது. அந்த அம்மாவும் நானும் ஒரே வரிசை வீடு. ஒரே சாதி" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். பொறுப்பாளர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நிஜம் சார். அவங்க கிட்ட உக்காந்தா நாறும்னா, ஆறு வருஷமா உங்க நடுவுல உக்காந்து நானும் நாறியிருக்கணுமே? யாராவது ஒரு நாள் மூக்கைப் புடிச்சீங்களா?"

சிரிப்பு கூடியது. தரக்கட்டுப்பாட்டுக்காரர் என் முதுகில் தட்டினார். "நீவு யாவாக்லூ தமாஷ்" என்றார் அதிகாரி. எப்போதும் உங்களுக்கு விளையாட்டுதான். "சைன் மாடி சார், டைம் இல்லா."

எல்லாவற்றுக்கும் சிரிக்க வைத்துப் பழகியவன் உண்மையைச் சொன்னால் வருகிற கஷ்டம் இதுதான். மறைத்தபோது நம்பினார்கள், சொன்னால் நம்பவில்லை. "நாளைக்குப் போடறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டில் டிரங்குப் பெட்டியைத் திறந்து, மனைவியின் கல்யாணப் புடவைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன்.

"இன்னாத்த தேடுற?"

"சாதி சர்ட்டிபிகேட்டு."

"இன்னாத்துக்கு?"

நடந்ததை எல்லாம் சொன்னேன், எழுந்து போனதையும் சேர்த்து. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு புடவையைத் தூக்கி, சரியாக அந்தக் காகிதத்தை எடுத்து என் கையில் வைத்தாள். "ஊர்ல எல்லாரும் வேல கெடைக்க இத்தக் காட்டுவாங்க. வேல போவக் காட்டுற ஆளு நீ ஒருத்தன்தான்யா" என்றாள். "மடிக்காத. கெழிஞ்சிடும்."

காலையில் அதை அதிகாரியின் மேசையில் விரித்தேன். தாசில்தார் முத்திரை, என் பெயர், அப்பா பெயர், சாதி. அதிகாரி உதடு அசைய இரண்டு தடவை படித்தார். காகிதம் கை மாறிக்கொண்டே போனது. பொறுப்பாளர் மட்டும் கையில் வாங்காமல் எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தாலே தெரிகிறது என்று சொன்ன மனிதர். அவர் முகத்தில் இருந்தது கோபம்கூட இல்லை. கடையில் நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவரின் முகம்.

தரக்கட்டுப்பாட்டுக்காரர்தான் முதலில் பேசினார். "அப்படித் தெரியவே இல்லீங்களே!"

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். நானும் பழக்கதோஷத்தில் "தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டேன்.

அதிகாரிக்கு வேறு கவலை. நான்கு கையெழுத்து விழுந்த கடிதத்தைப் பார்த்தார், சர்டிபிகேட்டைப் பார்த்தார். "இது கேஸ் ஆகத்தே" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். இது கேஸாகிவிடும். சாதி பார்த்து ஒதுக்கினால் சட்டம் என்ன செய்யும் என்பது அவருக்குத் திடீரென்று ஞாபகம் வந்திருக்க வேண்டும். நான் சட்டத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனக்கு அதில் ஒரு பிரிவுகூடத் தெரியாது. ஆனால் எல்லாப் பிரிவும் தெரிந்தவன்போல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு வருட நடிப்பு அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் உபயோகப்பட்டது. கடிதம் டிராயருக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது.

இரண்டு நாளில் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். முதல் ஷிப்டில் உள்ள எல்லாத் தொழிலாளர்களுக்கும் பன்னிரண்டரைக்குக் கூடத்தில் சாப்பாடு. யார் எதற்காகக் கேட்டார்கள் என்று ஒரு வரி இல்லை. பிளாஸ்டிக் மக்குகள் காணாமல் போயின.

எங்கள் சின்ன மேசைக்காரர்கள் சுவரோரத்தில் வேறு மேசை போட்டுக்கொண்டார்கள். அங்கே காற்றே கிடையாது. வியர்த்து வழிந்தபடி சாப்பிட்டார்கள். என்னைவிடக் கொள்கை உள்ளவர்கள். நான் நான்கு நாற்காலிக்கும் நடுவே தனியாக உட்கார்ந்து காற்று வாங்கினேன். சிலர் புதிதாக வந்து கைகுலுக்கினார்கள், "நாங்களும்தான், சொல்லிக்கல" என்று காதில் சொன்னவரும் உண்டு. சிலர் ஸ்டோர்ஸ் ஜன்னலில் சாமானை வாங்கும்போது விரல் படாமல் வாங்கக் கற்றுக்கொண்டார்கள். ஆறு வருடம் பட்ட விரல்தான்.

அக்கா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. விஷயம் அவருக்குத் தெரியும், வரிசைக்கே தெரியும். ஒரு வாரம் அவர் வீட்டு வாசல் வழியாகத் தேவையில்லாமல் நடந்தேன். இல்லாத சாமானை வாங்க மூன்று தடவை கடைக்குப் போனேன். நன்றி வேண்டும் என்று நேராகக் கேட்க வெட்கம், வராமல் இருக்கவும் முடியவில்லை. அவர் அரிசி பொறுக்கினார், மகளுக்குத் தலை பின்னினார், நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். ஆறு வருடக் கூத்து ஒரு காகிதத்தில் ஒழிந்தது, ஆனால் அந்த ஒரு நிமிஷம் எழுந்துபோனது ஒழியவில்லை என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

புதன்கிழமை வந்தது. தட்டோடு வரிசையில் நின்று, "முட்டை" என்றேன். பொறுப்பாளர் முன்பெல்லாம் எனக்குத் தயிரைக் குனிந்து ஊற்றுவார். இப்போது முட்டை கொஞ்சம் உயரத்திலிருந்து விழுந்தது. முட்டைக்குத்தான் வலித்திருக்கும்.

தட்டைத் தூக்கிக்கொண்டு அக்கா இருந்த நீள மேசைக்குப் போனேன். எதிர் பெஞ்சு முழுக்க ஆள். அக்காவின் பெஞ்சில் அவரும் இன்னொரு பெண்ணும் மட்டும். நடுவில் இருந்த இடத்தில் நன்றாகப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். முட்டையைத் தொடவில்லை. வழியெல்லாம் தயார் செய்து வைத்த பேச்சு இருந்தது.

"அக்கா, அன்னிக்கு நீ வந்து உக்காந்தப்ப நான் எழுந்திருச்சிருக்கக் கூடாது. ரெண்டர மணி யோசனையும் என்னுதுதான். அப்பறம் நான் போய் அவங்க கிட்ட எல்லாத்தையும் சொன்னன், கேள்விப்பட்டிருப்ப. ஆனா எழுந்தது எழுந்ததுதான். அத்த நெனச்சா ராத்திரி தூக்கம் வரல. என் மேல உனுக்குக் கோவம் இருக்கும். இருக்கணும். கோவம் கீதா, இல்லியா, அத்த மட்டும் சொல்லிடு அக்கா."

அக்கா வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை, நான் உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்தார்.

"தள்ளி உக்காரு, இன்னும் ரெண்டு பேரு வரணும்."